அச்சேறிய ஒளி: வத்திராயிருப்புக் கே.எஸ். கிருஷ்ணன்

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் ஊரைக் காண்பர். இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் தனி மாவட்டமாக அமையும்வரை, சங்கரன்கோவிலைப் போலவே திருநெல்வேலி மாவட்டத்திற்குரியதாக இருந்தது. அவ்வூரில் 1898ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். உழவும் புலமையும் ஒருங்கே வாய்ந்த தந்தையாரிடமிருந்து தமிழ்ப் பற்றும் வடமொழிப் பற்றும் அவருக்கு வழிவழிச் சொத்தாய் வந்தன. உலகம் அவரை இயற்பியல் அறிஞராக அறியும். எனினும் அவரை அறிந்தோர் பலரும் அவருடைய இலக்கியப் புலமையை வியந்து பேசாமல் இருந்ததில்லை.

வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் அங்கிருந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கும் சென்றார். கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செயல்விளக்குநர் பணியும் கிடைத்தது. நண்பகல் இடைவேளையில் மாணவர் எவரும் எந்த ஐயத்தையும் எழுப்பலாம் என்று அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். இயற்பியல், கணிதம், வேதியியல் என எல்லை வகுக்காத அந்த உரையாடலுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர். செயல்விளக்குநர் பணி சிறியதே; அதனை அவர் சிறிதாக எண்ணவில்லை. 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். 1923ஆம் ஆண்டில், பௌபசார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், சி.வி. இராமனின் ஆய்வு மாணவரானார்.

இங்கே ஒன்றை விளக்குதல் வேண்டும். தமிழ் மரபில் நூல் இயற்றிய புலவன் அதனை அறிஞர் அவையில் அரங்கேற்ற வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். புலவன் விடை கூறுவான். அதன் பின்னரே நூல் நூலாகும். அறிவியலில் அந்த அவை ஆய்விதழாகும். ஆய்வகத்தில் ஒருவர் கண்ட உண்மை, நாளும் பெயரும் குறிக்கப்பெற்று இதழில் அச்சேறும்வரை, அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. இராமன் இதனை இளமையிலேயே உணர்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1906ஆம் ஆண்டில், இலண்டன் ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை 18. பின்னர், கடல் கடந்த இதழ்களின் கருணையை மட்டுமே நம்பி இந்திய ஆய்வாளர் காத்திருத்தல் ஆகாது எனக் கருதி, 1926ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே ‘இந்தியன் ஜர்னல் ஆவ் பிசிக்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். கிருஷ்ணன் பயின்ற பள்ளி இத்தகையது. அங்கே ஆய்வு செய்தலும் அதனை எழுதி வெளியிடுதலும் இரு வேறு தொழில்களாகக் கருதப்படவில்லை.

நீர்மங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதே கழகத்தில் அப்போது நடைபெற்ற பேராய்வு. 1923ஆம் ஆண்டில் கே.ஆர். இராமநாதன் தண்ணீரில் சிதறிய ஒளியை ஆராய்ந்தபோது, வழக்கமான சிதறலோடு நிறம் மாறிய மங்கலான ஓர் ஒளியும் கலந்திருப்பதைக் கண்டார். நீரில் எஞ்சிய மாசினால் தோன்றும் வலுக்குறைந்த உடனொளிர்வு என்றே அது கொள்ளப்பட்டது. கிருஷ்ணன் 65 நீர்மங்களை எடுத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கி ஆராய்ந்தார். சிலவற்றில் அவருக்கும் அதே மங்கிய ஒளி தோன்றியது. 1925ஆம் ஆண்டு ‘பிலாசபிகல் மேகசின்’ இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையிலும் உடனொளிர்வு என்னும் பெயரே அதற்குக் கிடைத்தது. காட்சியில் பிழையில்லை. பொருந்தாதது பெயர் ஒன்றே. அச்சொல் அங்கே அமர்ந்துவிட்டதனால், புதிய உண்மையொன்று பழைய பெயரின் போர்வைக்குள் ஐந்தாண்டுகள் உறங்கிற்று. சொல்லைத் தேர்ந்தாளும் கடமை கவிஞர்க்கே உரியது என்று எண்ணுவோர் இந்நிகழ்ச்சியை நினைந்து பார்க்கலாம்.

இடையில் கிருஷ்ணன் கோட்பாட்டு ஆய்வில் ஆழ்ந்துவிட்டார். இராமனும் அவரும் இணைந்து எழுதிய கட்டுரைகள் பல, மூலக்கூறுகள் எத்திசையிலும் ஒரே தன்மை உடையன அல்ல என்பதை நிறுவின. 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில், ஆய்வுக்கருவிகளை விட்டு நெடுங்காலம் விலகியிருத்தல் நன்றன்று என்று கூறி இராமன் அவரை மீண்டும் செய்முறை ஆய்வுக்கு அழைத்தார். பிப்ரவரி 5 முதல் 28 வரை கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பு அக்காலத்தின் அரிய சான்றாகும். தூய நீர்மங்கள் அனைத்திலும் அந்த மங்கிய ஒளி இருப்பதும், அது தளவிளைவு பெற்றிருப்பதும் அந்நாட்களில் தெளிவாயின. உடனொளிர்வாயின் அத்துணை வலுவான தளவிளைவு இராது.

பிப்ரவரி 7ஆம் நாள் இரவு, உணவுக்குப்பின் கிருஷ்ணனும் நண்பர் வேங்கடேசுவரனும் தம் அறையில் உரையாடிக் கொண்டிருந்தனர். ஒன்பது மணியளவில் பேராசிரியர் இராமனே வீட்டுவாயிலில் வந்து நின்று அழைத்தார். காலையில் கண்டது, கிராமர்சும் ஐசன்பர்க்கும் கோட்பாட்டளவில் கூறியிருந்த விளைவாகவே இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வந்தார். விடியும்வரை காத்திருக்க அவரால் இயலவில்லை. வீட்டின்முன் தெருவில் நின்றபடியே கால் மணி நேரத்திற்கு மேல் பேசினர். அங்கேயே அவ்விளைவுக்கு மாறிய சிதறல் என்று பெயரிட உடன்பட்டனர். உடனொளிர்வு என்னும் பழைய பெயர் கல்கத்தாத் தெருவொன்றில் உதிர்ந்தது அன்றிரவுதான்.

பெயர் மாறியவுடன் எழுத்துப்பணி விரைந்தது. பிப்ரவரி 16ஆம் நாளிட்டு, இலண்டன் ‘நேச்சர்’ வார இதழுக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பப்பட்டது. அறுபது அளவிலான நீர்மங்களை ஆராய்ந்ததாகவும், அனைத்திலும் இவ்விளைவு கூடியும் குறைந்தும் தோன்றியதாகவும் அது கூறிற்று. அதன் அடியில் நின்ற பெயர்கள் இரண்டு: இராமன், கிருஷ்ணன். அப்போது நிறமாலையில் கோடுகள் தனித்துக் காணப்பெறவில்லை. நிறக்கண்ணாடி வடிப்பான்களின் துணைகொண்டே முடிவு எட்டப்பட்டிருந்தது. பிப்ரவரி 28ஆம் நாளில்தான், உதவியாளர் ஆசு பாபு ஒழுங்குசெய்த அமைப்பில், நிறமாலை காட்டியின் வழியே பார்த்தபோது, படும் ஒளியும் மாறிய ஒளியும் இடையில் இருள்பட்டையோடு பிரிந்து நின்றன. மறுநாளே செய்தித்தாள்களுக்கு அறிவிப்புச் சென்றது. அந்த 28ஆம் நாளையே 1987 முதல் இந்தியா தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது. மார்ச் 8ஆம் நாளிட்ட இரண்டாம் குறிப்பு இராமன் ஒருவர் பெயரில் மட்டும் சென்றது.

பிப்ரவரி 16ஆம் நாளைய குறிப்பு மார்ச் 31ஆம் நாள் இதழில் அச்சேறியது. மார்ச் 8ஆம் நாளைய குறிப்பு ஏப்ரல் 21ஆம் நாள் இதழில் அச்சேறியது. கணக்கிட்டால் இரண்டிற்கும் இடைவெளி 44 நாட்களே. எழுதப்பட்ட நாட்கள் இரண்டும் வியாழக்கிழமைகள். வெளிவந்த நாட்கள் இரண்டும் சனிக்கிழமைகள். கப்பல்வழித் தபாலின் வாரச் சுழற்சிக்குள் உலகப் புகழும் அடங்கியிருந்த காலம் அது. அந்த 44 நாட்களில் உலகின் வேறொரு மூலையில் வேறொருவர் எழுதிவிட்டால் உழைப்பின் பயன் கைநழுவும். ஆகவே இராமன் வெளிநாட்டு இதழை மட்டும் நம்பியிருக்கவில்லை. மார்ச் 16ஆம் நாள் பெங்களூரில் ஆற்றிய உரையைத் தம் கல்கத்தா இதழிலேயே விரைந்து அச்சிட்டு, தனிப்படிகளை உலக அறிஞர்களுக்கு நேரே அனுப்பினார். அவ்வுரையில் கிருஷ்ணனின் துணையை நன்றியோடு குறிப்பிடவும் அவர் தவறவில்லை.

அந்த அச்சம் வீணானதன்று. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் இருவர், நீர்மத்தில் அன்றிப் படிகத்தில், இதே விளைவைப் பிப்ரவரி 21ஆம் நாளில் கண்டிருந்தனர். கல்கத்தாவில் கோடுகள் பிரிந்து தோன்றிய நாளுக்கு அது ஒரு வாரம் முற்பட்டது. ஆனால் அவர்கள் மே மாதத்தில் எழுதிய கட்டுரை செருமானிய இதழொன்றில் சூலை 13ஆம் நாள்தான் வெளிவந்தது. பிப்ரவரி 28 என்னும் நாளை மட்டும் வைத்து வழக்காடினால் மாஸ்கோவுக்கே முதன்மை போகும். பிப்ரவரி 16 என்னும் நாளைத் தாங்கிய குறிப்பு இருந்தமையால்தான் கல்கத்தாவின் உரிமை காலத்தாலும் அச்சாலும் உறுதியாயிற்று. அந்தக் குறிப்பில் கிருஷ்ணனின் பெயரும் இருந்தது என்பது மறத்தற்குரியதன்று.

அதே 1928ஆம் ஆண்டில் பெர்லின் அறிஞர் பிரிங்சைம் இதற்கு இராமன் விளைவு என்று பெயரிட்டு எழுதினார். அப்பெயர் நிலைத்தது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார் என்றொரு புலவர் உள்ளார். அவருடைய இயற்பெயர் எவர்க்கும் தெரியாது. அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. அங்கே படைப்பு தன் பெயரைப் படைத்தவனுக்குத் தந்தது. அறிவியலில் வழக்கம் நேர்மாறானது. கண்டவன் பெயரைக் கண்ட பொருளுக்குச் சூட்டுவர். ஒருவர் பெயரைத்தான் சூட்டுவர். உடன் கண்டவர் பெயருக்கு அதில் இடமிருப்பது அரிது.

1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. பின்னாளில் இதுபற்றி எழுந்த பூசல்கள் பல. உண்மையில் கண்டவர் கிருஷ்ணனே என்று வாதிட்டோர் உண்டு. கிருஷ்ணன் கருவிபோல் இயங்கியவர் மட்டுமே என்றோரும் உண்டு. சங்கரன் பெரியவனா, நாராயணன் பெரியவனா என்று சங்கனும் பதுமனும் வழக்கிட்ட தலபுராணக் கதையைச் சங்கரன்கோவிலார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இந்த வழக்கும் அத்தகையதே. 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் கண்டு வினாவெழுப்பி, ஏழாண்டுகள் அவ்வினாவை விடாது பற்றி, ஒரு கழகத்தையே அதன்பின் திரட்டியவர் இராமன். அவ்வினா விடையாகக் கனிந்த நாட்களில் கருவியின் அருகில் நின்ற கண்கள் கிருஷ்ணனுடையவை. இருவருள் ஒருவரைக் குறைத்து மற்றவரை உயர்த்துதல் சான்றுகளுக்கு ஒவ்வாது. எனினும் பரிசின் ஒளியில் ஒரு பெயர் மங்கிப்போயிற்று என்பதை மறைப்பதும் நேர்மையாகாது. கிருஷ்ணன் தம் பங்கைப் பொதுவெளியில் ஒருபோதும் கோரவில்லை. தமக்கு உரிமை தேடித்தரக்கூடிய அந்த நாட்குறிப்பை வாழ்நாளில் அவர் வெளியிடவும் இல்லை. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே அது அறிஞர் பார்வைக்கு வந்தது. அதிலும், இரவில் வந்து அழைத்த பேராசிரியரின் ஆர்வமே பெரிதாகப் பேசப்படுகிறது.

பரிசுக்கு முன்பே, 1928ஆம் ஆண்டின் இறுதியில், கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இணைப்பேராசிரியராகச் சென்றிருந்தார். அங்கே அவருக்கு வாய்த்த உடன்பணியாளர் சத்தியேந்திரநாத் போசு. இதழ்களின் வாயில் எளிதில் திறவாது என்பதைப் போசு நன்கு அறிந்தவர். 1924ஆம் ஆண்டில் அவர் தம் கட்டுரையை நேரே ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, ஐன்ஸ்டைன் அதனைத் தாமே செருமானிய மொழியில் பெயர்த்து அச்சேற்றினார்.

கிருஷ்ணன் டாக்காவில் முற்றிலும் புதிய துறையை மேற்கொண்டார். மெல்லிய படிக இழையில் ஒரு படிகத்தைக் காந்தப் புலத்தினுள் தொங்கவிட்டு, இழையை மேலிருந்து முறுக்கிக்கொண்டே செல்லுதல். ஒரு குறித்த கோணத்தை எட்டியவுடன் படிகம் திடீரெனத் திரும்பிவிடும். அக்கோணத்தைக் கொண்டு, வெவ்வேறு திசைகளில் படிகத்தின் காந்தத் தன்மை எவ்வளவு வேறுபடுகிறது எனக் கணித்தல். செலவு குறைந்த இந்த முறையால் அவர் பெற்ற அளவீடுகள் உலகத் தரத்தவை. பி.சி. குகா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் எழுதிய தொடர்க் கட்டுரையின் முதற்பகுதி, 1665 முதல் வெளிவரும் இராயல் சொசைட்டியின் ‘பிலாசபிகல் டிரான்சாக்சன்ஸ்’ இதழில் 1933ஆம் ஆண்டில் வந்தது. இராயல் சொசைட்டி இதழ்களுக்கு அக்காலத்தில் ஒரு நெறி இருந்தது. கழக உறுப்பினர் அல்லாதார் எழுதிய கட்டுரையை உறுப்பினர் ஒருவரே முன்மொழிந்து அனுப்புதல் வேண்டும். தன் நூலுக்குத் தானே சிறப்புப்பாயிரம் எழுதிக்கொள்ளலாகாது, ஆசிரியரோ உடன் பயின்றவரோ மாணாக்கரோ உரைகாரரோதாம் எழுதவேண்டும் என்று நன்னூலார் விதித்ததை இது நினைவூட்டும். பாயிரம் பாட ஆளில்லாத நூல் அவையேறாது. ஏழை நாட்டின் எத்தனை ஆய்வுகள் அவ்வாறு வாயிலிலேயே நின்றனவோ! கிருஷ்ணனும் 1940ஆம் ஆண்டுவரை பிறர் வழியாகவே அந்த அவைக்குள் நுழைய வேண்டியிருந்தது.

1933ஆம் ஆண்டில் இராமன் பெங்களூர் செல்ல, கல்கத்தாக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் என்னும் இருக்கை கிருஷ்ணனுக்கு உரியதாயிற்று. அக்காலப் படைப்புகளுள் தனித்துக் குறிக்கத்தக்கது, கேத்தலீன் லான்ஸ்டேலுடன் தொடர்புடையது. பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929ஆம் ஆண்டில் எக்சு கதிர்களால் நிறுவிய பெண்மணி அவர். கிருஷ்ணனின் காந்த அளவீடுகளும் லான்ஸ்டேலின் படிக அறிவும் சேர்ந்தபோது, தட்டையான மூலக்கூறுகள் படிகத்தினுள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்பதைக் கணித்தறிய வழி பிறந்தது. இருவர் பெயரும் தாங்கிய கட்டுரை 1936ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டியின் நடவடிக்கை இதழில் வெளிவந்தது. அக்கழகத்தில் பெண் எவரும் உறுப்பினராக இயலாத காலம் அது. 1945ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக இரு பெண்டிர் உறுப்பினராயினர். அவருள் ஒருவர் லான்ஸ்டேல். வாயிலுக்கு வெளியே நின்ற இருவர் பெயரை, வாயிலுக்கு உள்ளிருந்த இதழ் ஒரே பக்கத்தில் ஏற்றுக்கொண்டது.

1939ஆம் ஆண்டில் கிருஷ்ணனும் கங்குலியும், எழுதுகோலின் கருமையாகிய கிராஃபைட்டு மின்சாரத்தைத் தன் அடுக்குகளின் வழியே எளிதிலும், அடுக்குகளின் குறுக்கே மிக அரிதாகவும் கடத்துகிறது என்று ‘நேச்சர்’ இதழில் காட்டினர். அந்த அடுக்குகளில் ஒன்றைத் தனியே பிரித்து ஆராய்ந்தோர்க்கு 2010ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

1940ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டி உறுப்பினரானபின் அவருடைய நிலை மாறிற்று. இனிப் பிறர் கட்டுரையை முன்மொழியும் தகுதி அவருக்கே உண்டாயிற்று. 1942ஆம் ஆண்டில் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, இளைஞர் ஏ.பி. பாட்டியாவுடன் உருகிய உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். 1945ஆம் ஆண்டிலேயே இவ்விருவரும் எழுதிய கருத்தின் கருவை, 1961ஆம் ஆண்டில் சைமன் என்பார் விரித்துரைத்த கோட்பாட்டில் காணலாம். இக்கட்டுரைகளின் தலைப்பின்கீழ் கிருஷ்ணனின் பெயருக்கு அருகே மாணவர் பெயர் தவறாது நின்றது. 1928ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போர் அதனைச் சிறு செய்தியாகக் கொள்ளார்.

1946ஆம் ஆண்டில் சர் பட்டமும், 1947ஆம் ஆண்டில் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பதவியும், 1954ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும் வந்தன. 1958ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பட்நாகர் பரிசின் முதற் பேறும் அவருடையதே. ஆய்வக நிருவாகம் அவருடைய காலத்தைப் பெரிதும் விழுங்கிற்று என்பதில் ஐயமில்லை. கோப்புகளுக்கிடையே இழந்த கட்டுரைகளை எண்ண வழியில்லை. எனினும் எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. இராமானுசனின் கணிதத்தில் தீராக் காதல் கொண்டிருந்த அவர், முடிவில்லாக் கூட்டல் தொடர்களுக்கும் தொகையீடுகளுக்கும் இடையே உள்ள எளிய, அழகிய உறவொன்றைப் பற்றி 1948ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழுக்குச் சிறு குறிப்பொன்றை எழுதினார். இருபதாண்டுகளுக்கு முன் இருவர் பெயரோடு வந்த அதே இதழில், இம்முறை அவர் பெயர் தனியே நின்றது.

1961ஆம் ஆண்டு சூன் திங்கள் 14ஆம் நாள் கிருஷ்ணன் தில்லியில் காலமானார். மறைந்த உறுப்பினரின் வாழ்வை உடன் ஆய்ந்தோர் எழுதி வெளியிடுவது இராயல் சொசைட்டியின் மரபு. அவருடைய வாழ்க்கை வரலாறு 1967ஆம் ஆண்டில் அவ்வரிசையில் வெளிவந்தது. அதனை எழுதியோர் இருவர். ஒருவர் ஓமி பாபா. நூல் அச்சேறும் முன்பே அவரும் மறைந்துவிட்டார். மற்றவர் கேத்தலீன் லான்ஸ்டேல்.